லேக் எங்கே இருக்கிறது? திரேஸ்புரத்திலிருந்து ஒரு பிங் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கி, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடு கேட்டுட்டு நிறைய பேர் "அடுத்து கேமிங் பத்திப் பேசுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. சரி, பேசிடுவோம். ஆனா எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்னு சொல்ற எபிசோடு இல்லை இது. அதுக்கு யூடியூபில் ஆயிரம் பேர் இருக்காங்க. இது ஒரு சின்ன வரலாறு. என் சித்தி வீட்டுச் சீட்டுப் பணத்தில் தொடங்குது.

32,000 ரூபாய்

2024 தொடக்கம். ராத்திரி பதினொரு மணிக்கு என் சித்தி மகன் போன் செய்தான். அவன் வீடு தூத்துக்குடி திரேஸ்புரத்தில். நானும் அங்கே வளர்ந்தவன்தான். வேலைக்காகச் சென்னை வந்து பல வருஷம் ஆகுது.

"அண்ணே, கேம் ரொம்ப லேக் அடிக்கு. சுடுதேன், குண்டு படவே மாட்டேங்கு. கிராபிக்ஸ் கார்டு மாத்தணும்."

"எவ்வளவு ஆகும்னு சொல்லுதாங்க?"

"கார்டும் புது எஸ்எம்பிஎஸ்ஸும் சேத்து 32,000. அம்மா சீட்டை எடுத்துத் தாரேன்னு சொல்லிட்டாவ."

அந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போச்சு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தூத்துக்குடி நகரமே தண்ணீரில் நின்றது. சித்தி வீட்டுப் பின்பக்கச் சுவரும் ஓடும் அதில் போயிருந்தன. சீட்டு, அந்தச் சுவருக்காகக் கட்டிக்கொண்டிருந்த சீட்டு.

"ஏல, ஒரு பத்து நாள் பொறு. நான் வாரேன். வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றேன்.

அவன் வாலரண்ட் விளையாடுகிறான். ஊரில் நாலு நண்பர்களோடு ஒரு டீம். அடுத்த மாதம் ஓர் ஆன்லைன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அவனுக்கு இது பொழுதுபோக்கு மட்டுமில்லை. டீமில் இவன்தான் எப்போதும் கடைசி. "மெஷின் சரியில்லை, இல்லேன்னா அடிச்சிருப்பேன்" என்று ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சித்தி அதை நம்பிவிட்டார். பிள்ளை ஒரு விஷயத்தில் தோற்றுக்கொண்டே இருப்பதைப் பார்க்கிற அம்மா எதையும் நம்புவாங்க இல்லையா?

ஒரு பெயர், இரண்டு நோய்

நாம் எல்லாவற்றையும் "லேக்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன.

முதலாவது, உங்கள் கம்ப்யூட்டர் படம் வரைகிற வேகம். ஒரு விநாடிக்கு எத்தனை படம் என்பதுதான் எஃப்பிஎஸ். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் ஒவ்வொரு 16.7 மில்லி விநாடிக்கும் ஒரு படம் தயாராக வேண்டும். தயாராகாவிட்டால் திரை வெட்டி வெட்டிப் போகும்.

இரண்டாவது, சேதி போய்வருகிற நேரம். நீங்கள் சுட்ட சேதி சர்வருக்குப் போய், அங்கிருந்து பதில் திரும்பி வருகிற நேரம்தான் பிங். திரை வழவழவென்று ஓடும். ஆனால் எதிராளி ஏற்கெனவே சுவருக்குப் பின்னால் போயிருப்பான். நீங்கள் பார்ப்பது அவன் பழைய நிழல்.

இதைப் புரிய வைக்க எனக்குத் திரேஸ்புரம் போதும். எங்கள் கரை முத்துக் குளித்த கரை. அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் சங்கு குளிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். பழைய முறை எப்படி என்றால், குளிப்பவர் கல்லைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சைப் பிடித்தபடி முத்துப் பாரில் சிப்பியைப் பொறுக்கிக் கூடையில் போடுவார். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு இழுப்பு. படகில் கயிறு பிடித்திருப்பவர் உடனே மேலே இழுக்க வேண்டும். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது ஒழுங்காக இழுப்பான் என்று ஊரில் சொல்வார்கள்.

இப்போது பாருங்கள். குளிப்பவரின் கை எவ்வளவு வேகமாகப் பொறுக்குகிறது என்பது எஃப்பிஎஸ். கயிற்றில் கொடுத்த இழுப்பு மேலே போய்ச் சேர்ந்து, மச்சான் கை திரும்ப இழுக்கிற நேரம் பிங். கை வேகத்தைப் பயிற்சி செய்து கூட்டலாம். கயிற்றின் நீளம் கடலின் ஆழம் சம்பந்தப்பட்டது. அதை நீங்கள் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

கிராபிக்ஸ் கார்டு கடையில் விற்பது கை வேகம். கயிற்றை அந்தக் கடையில் விற்பதில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் செலவு செய்தவர்களின் கதைதான் ஆன்லைன் கேமிங் வரலாற்றில் பாதி.

பிங் என்ற சொல் கடலில் பிறந்தது

பிங் என்ற சொல்லும் கடல் சம்பந்தப்பட்டதுதான். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். நெட்வொர்க்கில் ஒரு கோளாறு, எங்கே என்று தெரியவில்லை. ஒரு சின்னச் சேதியை அனுப்பு, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார். அவ்வளவுதான் அந்த புரோகிராம். நீர்மூழ்கிக் கப்பலில் சோனார் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பார்கள் இல்லையா, அந்தச் சத்தத்தின் பெயரையே அதற்கு வைத்தார். அது விளையாட்டுக்காக எழுதியதே இல்லை.

விளையாட்டுக்காரர்களுக்கு அந்தச் சொல் தேவைப்பட இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் ஆனது.

1993 டிசம்பரில் டூம் வந்தது. நாலு பேர் ஒரே நெட்வொர்க்கில் ஒருவரையொருவர் சுடலாம். அது விநாடிக்கு 35 படத்துக்கு மேல் போகாது. அதுவே அன்றைக்கு அதிசயம். ஆனால் முதல் பதிப்பில் ஒவ்வொரு சேதியையும் நெட்வொர்க்கில் இருக்கிற எல்லா மெஷினுக்கும் வீசும்படி எழுதியிருந்தார்கள். நாலு பேர் விளையாடினால் அலுவலகத்தில் மீதிப் பேர் வேலை பார்க்க முடியவில்லை. பல கம்பெனிகளிலும் கல்லூரிகளிலும் டூமுக்குத் தடை போட்டார்கள்.

1996 ஜூனில் அதே குழு குவேக்கைக் கொண்டுவந்தது. இது இன்டர்நெட் வழியாக விளையாடக்கூடியது. ஜான் கார்மேக் என்ற புரோகிராமர் அதை எழுதிச் சோதித்தது நல்ல வேகமான லைனில். ஜனங்கள் விளையாடியதோ வீட்டு டெலிபோன் மோடமில். 200, 300 மில்லி விநாடி பிங். முன்னே நடக்க பட்டனை அழுத்தினால் அந்தச் சேதி சர்வருக்குப் போய், "சரி, நட" என்று பதில் வந்த பிறகுதான் கால் நகரும். பனிக்கட்டியில் நடப்பது போல இருக்கும். அந்தக் காலத்துக் குவேக் ஆட்டக்காரர்கள் தங்களை இரண்டு சாதியாகவே பிரித்துக்கொண்டார்கள்: லோ பிங் ஆட்கள், ஹை பிங் ஆட்கள். லோ பிங் ஆட்களுக்குக் கிடைத்த வசவுகளை இங்கே சொல்ல முடியாது.

அந்த வருஷமே வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டும் வந்தது. வீட்டு கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படத்தை வழவழவென்று ஓட்டிய முதல் பெரிய வெற்றி அது. 1997 தொடக்கத்தில் குவேக்கை அந்தக் கார்டில் ஓட்டினால் வேறு விளையாட்டு போல இருந்தது. ஆக ஒரே காலத்தில் இரண்டு மருந்து வந்துவிட்டது. வூடூ கார்டு முதல் நோய்க்கு மருந்து. அதைக் காசு கொடுத்து வாங்கலாம். இரண்டாவது நோய்க்கு?

அதற்குக் கார்மேக் கண்டுபிடித்தது காசில்லாத மருந்து. 1996 டிசம்பரில் குவேக்வேர்ல்ட் என்ற புதிய பதிப்பை இலவசமாக வெளியிட்டார். இதில் உங்கள் மெஷின் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்காது. "சர்வர் அநேகமாகச் சரி என்றுதான் சொல்லும்" என்று தானே ஊகித்து உங்கள் காலை உடனே நகர்த்திவிடும். ஊகம் தப்பினால் பிறகு திருத்திக்கொள்ளும். கயிறு அதே நீளம்தான். ஆனால் காத்திருக்கிற உணர்வு குறைந்துவிட்டது.

அடுத்த வருஷம் நடந்த குவேக் போட்டியில் கார்மேக் தன் ஃபெராரி காரையே பரிசாகக் கொடுத்தார். ஜெயித்தவர் டென்னிஸ் ஃபாங். அவர் விளையாட்டுப் பெயர் திரெஷ். ஆமாம், நம்ம ஊர்ப் பெயரில் முன்பாதி. இதைச் சித்தி மகனிடம் சொன்னபோது மறு நிமிஷமே தன் பெயரை மாற்ற உட்கார்ந்துவிட்டான். அது வேறு கதை.

இந்த வரிசையில் இன்னொரு பெயர், யான் பெர்னியர். ஹாஃப் லைஃப், கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டுகளை வெளியிட்ட வால்வ் கம்பெனிக்காரர். நீங்கள் சுட்ட சேதி தாமதமாக சர்வருக்கு வந்தாலும், நீங்கள் சுட்ட அந்தக் கணத்தில் எதிராளி எங்கே நின்றான் என்று சர்வர் காலத்தைப் பின்னால் ஓட்டிப் பார்க்கும். இந்த முறையை அவர் 2001-ல் விளக்கி எழுதினார். "நான் சுவருக்குப் பின்னாடி போயிட்டேன், அப்புறம் எப்படிச் செத்தேன்?" என்று கத்துகிறீர்களே, காரணம் இதுதான். எதிராளியின் கண்ணில் நீங்கள் இன்னும் வெளியே நின்றிருக்கிறீர்கள். அவனுக்கு நியாயம் செய்ய சர்வர் உங்களுக்கு அநியாயம் செய்கிறது.

பிரவுசிங் சென்டர் காலம்

இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தது. பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை எனப் பெருநகரங்களில்தான் ஆரம்பம். தனிநபர் டயல் அப் இணைப்பின் வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தபோதும் 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட்தான் என்று வரையறுத்தார்கள்.

நான் விளையாட ஆரம்பித்தது 2006 வாக்கில், தூத்துக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கு 15 ரூபாய். எட்டு சிஸ்டம், ஒரு ஃபேன். எல்லாருக்கும் ஒரே விளையாட்டு, கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6. தமிழ்நாட்டில் எந்த ஊரில் கேட்டாலும் அந்தத் தலைமுறை இதே பெயரைத்தான் சொல்லும். காரணம் பலமுறை யோசித்திருக்கிறேன். எட்டு மெஷினையும் ஒரு சுவிட்சில் லேன் கேபிளால் இணைத்துவிட்டால் இன்டர்நெட்டே வேண்டாம். பிங் 5. சர்வர் மூணாவது நாற்காலியில் இருந்தது. மட்டமான மானிட்டர், கிராபிக்ஸ் கார்டே இல்லாத சிஸ்டம், பட்டன் தேய்ந்த கீபோர்டு. ஆனாலும் யாரும் லேக் என்று சொன்னதில்லை. சுட்டால் செத்தான். செத்தவன் பக்கத்து நாற்காலியிலிருந்து "ஏலே!" என்று எழுந்து நின்றான்.

கயிறு குட்டையாக இருந்தது. அதுதான் விஷயம். அதே சிஸ்டத்தில் ஒருநாள் ஓனர் அண்ணாச்சியிடம் கெஞ்சி வெளிநாட்டு சர்வர் ஒன்றில் நுழைந்தோம். பிங் 300-க்கு மேல். இரண்டு நிமிஷத்தில் எங்களைத் துரத்திவிட்டார்கள்.

கடலுக்கடியில் கிடக்கும் கயிறு

அந்தப் பெரிய கயிறு எங்கே இருக்கிறது? கடலுக்கடியில். இதுவும் புதுசு இல்லை. 1870-ல் பிரிட்டனிலிருந்து பம்பாய்க்குக் கடலடித் தந்திக் கம்பி வந்துவிட்டது. அடுத்த வருஷமே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு இழுத்தார்கள். இன்றைய ஃபைபர் கேபிள்களும் ஏறக்குறைய அதே ஊர்களில்தான் கரையேறுகின்றன. 2002-ல் சென்னை சிங்கப்பூர் இடையே ஐ2ஐ, 2004-ல் டாடாவின் கேபிள். மும்பைப் பக்கம் இன்னும் நிறைய.

தூத்துக்குடிக்கும் ஒன்று வந்தது. 2006-ல் இந்தியாவின் பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து தூத்துக்குடியிலிருந்து கொழும்பு பக்கத்துக் கல்கிசைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் ஒரு கேபிள் போட்டன. பாரத் லங்கா கேபிள் என்று பெயர். ஊரில் இதைச் சொன்னால் நிறைய பேர் நம்ப மாட்டார்கள். தோணியில் சரக்கு போன அதே கடல்வழி, 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மோதிய அதே வழி, அதன் அடியில் ஒளிக் கம்பி.

அப்போ நமக்கு பிங் சூப்பரா இருக்கணுமே? அங்கேதான் விஷயம். கேபிள் பக்கத்தில் வந்தால் போதாது, சர்வர் பக்கத்தில் இருக்க வேண்டும். திரேஸ்புரத்திலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர். சென்னை அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம். ஆனால் கொழும்புப் பையனும் திரேஸ்புரத்துப் பையனும் ஒரே மேட்சில் விளையாட வேண்டுமென்றால் இரண்டு பேரும் மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ போய்த்தான் சந்திக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரனைப் பார்க்க டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போவது மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆயிரம் கிலோமீட்டர் போய்வர 10 மில்லி விநாடி. தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,950 கிலோமீட்டர். நேராகவே கேபிள் போட்டாலும் 30 மில்லி விநாடிக்குக் கீழே போகவே முடியாது. நிஜத்தில் கேபிள் சுற்றிப் போகும், நடுவில் பல ரௌட்டர்கள் நிற்கும். அதனால் அந்த எண் இரட்டிப்பாகும், அதற்கு மேலும் போகும். மும்பை சுமார் 1,270 கிலோமீட்டர். குறைந்தபட்சக் கணக்கு 13. நிஜத்தில் 30, 40.

நீங்கள் ஒரு லட்சம் ரூபாய்க்கு கார்டு வாங்கினாலும் ஒளியின் வேகம் ஏறாது. நம் ஆட்களின் பிங்கைக் குறைத்த பெரிய அப்கிரேடு எதுவும் நம் வீட்டுக்குள் நடக்கவில்லை. கம்பெனிகள் இந்தியாவில் சர்வர் வைத்தன. வால்வ் மும்பையிலும் சென்னையிலும் வைத்தது. 2020-ல் வாலரண்ட் வெளியான வருஷமே மும்பையில் சர்வர் வந்தது. அதுவரை சிங்கப்பூரில் விளையாடிய இந்தியப் பையன்கள் ஒரே நாளில் பாதி பிங்குக்கு வந்தார்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

கயிறு நம் கையில் இல்லை என்பதற்கு எங்கள் ஊருக்கு இன்னொரு நினைவும் உண்டு. அதைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். திரேஸ்புரத்திலும் ஓர் உயிர் போனது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. சென்னையில் உட்கார்ந்து வீட்டுக்குச் சேதி அனுப்பி, ஒற்றை டிக்கைப் பார்த்துக்கொண்டே இருந்த அந்த நாட்கள் எனக்கு மறக்காது. கயிற்றை இழுத்தால் மேலே யாருமே இல்லாதது போல.

கார்டு விலை ஏறிய கதை

கார்டு பக்கம் வருவோம். 1999-ல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256 கார்டைக் கொண்டுவந்தபோது அதை ஜிபியு என்று விளம்பரம் செய்தது. அந்தச் சொல் அங்கிருந்துதான் பரவியது. அதற்குப் பிறகு இருபது வருஷம் ஒரே கதை: ஒவ்வொரு இரண்டு வருஷத்துக்கும் அதே விலையில் இன்னும் வேகமான கார்டு. பொறுத்திருந்தால் லாபம்.

2020-ல் அது உடைந்தது. கொரோனா, சிப் தட்டுப்பாடு, கூடவே எத்தீரியம் மைனிங். சென்னை ரிச்சி தெருவிலேயே கார்டு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் இரட்டை விலை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றியது. கார்டு வைத்து மைனிங் செய்கிற வேலையே ஒழிந்தது. மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் செகண்ட்ஸ் சந்தையில் வந்து குவிந்தன. என் சித்தி மகன் தலைமுறை கார்டு வாங்கக் கனவு கண்டது சரியாக இந்த வருஷங்களில்தான். கையில் கிடைக்காத பொருள் என்பதால், அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்துவிட்டது.

சித்தி வீட்டு மாடியறை

பத்து நாள் கழித்து ஊருக்குப் போனேன். சிஸ்டத்தைப் பார்த்தேன். நாலாம் தலைமுறை ஐ5 புராசஸர், ஒற்றை 8 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். ரௌட்டர் கீழ் வீட்டில், இரண்டு சுவர் தாண்டி.

முதலில் விளையாட்டுக்குள் எஃப்பிஎஸ் எண்ணைத் திரையில் வரவைத்தேன். சராசரி 110. வாலரண்ட் பெரிய கார்டு கேட்கிற விளையாட்டே இல்லை, புராசஸரையும் ரேமையும் நம்பி ஓடுவது. ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் அந்த எண் ஒரு கணம் 25-க்கு விழுந்து எழுந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ரேம் நிரம்பி வழிகிறது, ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்தில் திணறுகிறது. கார்டு பாட்டுக்கு நிம்மதியாக இருக்கிறது.

அடுத்து மைக் மூஸின் புரோகிராம். கமாண்ட் விண்டோவில் பிங் போட்டேன். மும்பைக்கு இல்லை, வீட்டு ரௌட்டருக்கு. பத்தடி தூரத்து ரௌட்டருக்கு 3 மில்லி விநாடி, 4, 3, திடீரென்று 140, மறுபடி 5, அப்புறம் 90. கீழே தங்கச்சி யூடியூப் பார்க்கிறாள். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒரே அலைவரிசையில் மோதுகின்றன. இவன் குண்டு மும்பை போவதற்கு முன்னாடி மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தது.

கேபினட்டைத் திறந்தோம். எங்கள் ஊர் உப்புக்காற்று தெரியும் இல்லையா? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். ஃபேனில் ஈரப் பிசுக்கோடு தூசி, ஸ்குரூக்களில் துரு, ரேம் கால்களில் மங்கல். ரேமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தோம். புராசஸரில் காய்ந்திருந்த தெர்மல் பேஸ்ட்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டோம். செகண்ட்ஸில் இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கி ஜோடியாக்கினோம். ஜோடியாகப் போட்டால் புராசஸருக்கு ரேமிலிருந்து இரண்டு வழி திறக்கும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி. கடைசியாக 20 மீட்டர் லேன் கேபிள், ஜன்னல் வழியாக மாடிக்கு. கேபினட்டைத் தரையிலிருந்து மேஜைக்கு ஏற்றினோம், அடுத்த மழை வரும் என்பதால்.

மொத்தம் 5,600 ரூபாய். சராசரி எஃப்பிஎஸ் 110-லிருந்து 125 ஆனது, அது பெரிசில்லை. விழுகிற எண் 25-லிருந்து 80-க்கு வந்ததே, அதுதான் பெரிசு. கண்ணுக்கு வழவழப்பு தெரிவது சராசரியில் இல்லை, மோசமான கணத்தில்தான். மும்பை பிங் 38. நிலையாக 38.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பழைய புராசஸருக்கு ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடியும் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 கேட்கிற புராசஸர் பட்டியலில் அவனுடையது இல்லை. அதனால் "இனி காசு சேத்தா கார்டு வாங்காத. புராசஸர், மதர்போர்டு, ரேம் மூணையும் சேத்து மாத்து. கார்டு கடைசி" என்று சொல்லிவிட்டு வந்தேன். பழைய புராசஸரில் புதுக் கார்டைப் போட்டால், மாட்டு வண்டியில் விமான இன்ஜினைக் கட்டின மாதிரி.

உங்களுக்கும் அதே வரிசைதான். முதலில் ரௌட்டருக்கு பிங் போடுங்க. அங்கேயே தாவினால் கேபிள் இழுங்க. ரௌட்டர் வரை சரி, வெளியே மோசம் என்றால் விளையாட்டு எந்த ஊர் சர்வரைப் பிடிக்கிறது என்று பாருங்க. அதுவும் சரி என்றால் மட்டும் கேபினட்டைத் திறங்க. திறந்தபின் எது 100 சதவீதத்தில் திணறுகிறதோ அதை மட்டும் மாத்துங்க.

சித்தியின் சீட்டுப் பணம் சுவருக்கே போனது. கொத்தனார் வேலை முடிந்த அன்று போட்டோ அனுப்பினார்கள்.

போட்டி என்னாச்சு? இரண்டாவது ரவுண்டில் வெளியே. டீமில் இவன்தான் மறுபடியும் கடைசி. அன்று ராத்திரியும் போன் வந்தது. நான் தேறுதல் சொல்லத் தயாராக இருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணே, நீ பெரிய தப்புப் பண்ணிட்ட. இனிமே லேக்குன்னு சொல்ல முடியாதுல்ல. ஒழுங்காப் பழகணும் போலுக்கே."

இப்போ தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் குறி பழகுகிறான். கயிறு சரி. இனி கை வேகம் அவன் பாடு.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம். உங்க வீட்டு ரௌட்டர் பிங் எவ்வளவுன்னு பாத்துட்டு எழுதுங்க.